எந்த அவைக்கு எந்த வாதம்? ஜெர்மானிய ஒருபாற் காதல் விண்ணப்பங்களின் வரலாறு (1862–1929)

மிஷேல் ஃபூக்கோ 1976-இல் வெளியிட்ட பாலுணர்வு வரலாற்றின் முதற் பாகத்தில் கூறிய இரண்டு கருத்துகள், கூறியவருடைய கௌரவத்தாலும் கூறிய முறையின் கவர்ச்சியாலும், பின்வந்த ஆசிரியர் பலரால் பரிசீலனையின்றியே ஏற்றுக்கொள்ளப்பட்டு, இன்று இத்துறையில் ஏறக்குறைய சூத்திர வாக்கியங்களின் ஸ்தானத்தை அடைந்துவிட்டன. பெர்லின் மனநோய் வைத்தியர் கார்ல் வெஸ்ட்ஃபால் 1870-இல் எழுதிய கட்டுரையை, ஒருபாற் காதலன் என்னும் தனி மனித வகை பிறந்த நாளாகக் கொள்ளலாம் என்பது ஒன்று. அவ்வகையினுள் அடைக்கப்பட்டவர்கள், தங்களைத் தகுதியற்றவர்களாக்கிய அதே வைத்தியச் சொற்களையும் பிரிவுகளையும் கைக்கொண்டு தங்கள் சார்பில் பேசலானார்கள் என்பது மற்றொன்று. நீதி சாஸ்திரத்தையும் இலக்கியத்தையும் அவர் உடன் சேர்த்தே கூறுகிறார் என்பது மெய். ஆயினும் அவர் வரைந்த சித்திரத்தில் முதலில் பேசுபவர் வைத்தியர், பதில் சொல்பவர் நோயாளி. இக்கட்டுரை அந்த வரிசை முறையோடு மாறுபடுகிறது.

சிறிய விஷயம் ஒன்றை முதலிலேயே சொல்லி முடித்துவிடலாம். வெஸ்ட்ஃபாலின் கட்டுரை வெளிவந்த பத்திரிகையின் பெயரை ஃபூக்கோ நரம்பியல் ஏடு என்று குறித்திருக்கிறார்; உண்மையில் அது மனநோய்க்கும் நரம்பு நோய்களுக்கும் உரிய வேறோர் ஏடு. அதன் இரண்டாம் தொகுதி 1869–70 என்ற இரட்டை வருஷத்தைத் தாங்கி நிற்பதால், கட்டுரையை 1869-க்கு உரியதாகக் கொள்வாரும் உளர், 1870-க்கு உரியதாகக் கொள்வாரும் உளர். அடிக்குறிப்பில் நேர்ந்த இச்சறுக்கலைப் பெரிதுபடுத்துவது ஆராய்ச்சியாளருக்கு அழகன்று. எனினும், ஒரு வருஷத்தை ஜன்ம வருஷமென நிறுத்துகிற ஆசிரியர் அவ்வருஷத்தைத் தாங்கும் ஏட்டைச் செவ்வையாகப் பார்த்திருக்கலாம் என்று நினைப்பதும் தவறாகாது.

காலக் கிரமம் ஃபூக்கோவுக்கு அனுகூலமாக இல்லை. ஹனோவர் நாட்டில் நீதித்துறை உத்தியோகத்திலிருந்து விலகியவரான கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ், நூமா நூமான்டியுஸ் என்ற புனைபெயரில், ஆணை ஆண் விரும்பும் காதலைப் பற்றிய தம் பிரசுரங்களுள் முதல் ஐந்தையும் 1864, 1865 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அச்சேற்றிவிட்டார். வெஸ்ட்ஃபால் தமது கட்டுரையிலேயே அப்புனைபெயரைக் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் இத்துறையின் பெருவைத்தியராக மதிக்கப்பட்ட கிராஃப்ட்-எபிங், தமக்கு இவ்விஷயத்தில் நாட்டத்தை உண்டாக்கியவை உல்ரிக்ஸ் அனுப்பிய நூல்களே என்று 1879-இல் அவருக்கே கடிதம் எழுதினார். அக்கடிதத்தை உல்ரிக்ஸ் தமது கடைசிப் பிரசுரத்தில் பெருமையோடு பதிப்பித்தும் இருக்கிறார். ஆகவே நோயாளி பேசினார், வைத்தியர் கேட்டார் என்று சித்திரத்தை அப்படியே தலைகீழாக்கிவிடலாம் போலத் தோன்றும். நான் அவ்வளவு தூரம் செல்லத் துணியவில்லை. நீதிமன்ற வைத்தியரான காஸ்பர் 1852-லேயே இவ்விருப்பம் பலரிடம் பிறவிக் குணமாகக் காணப்படுவதை எழுதியிருந்தார். யார் முந்தி என்று நாட்காட்டியை வைத்துக்கொண்டு வாதிடுவோமானால், ஃபூக்கோவின் பக்ஷத்தார் காஸ்பரைக் கொண்டுவந்து நிறுத்துவர். நாம் அவருக்கும் முந்திய ஒருவரைத் தேடிப் போக வேண்டி வரும். அந்தத் தேடலுக்கு முடிவு இராது.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. இவ்வெழுத்துகள் யாரை நோக்கி எழுதப்பட்டவை? முறையிடுகிறவன் தனக்கு உடன்பாடான பிரமாணங்களைக் கொண்டு பேசுவதில்லை. முறையீட்டைக் கேட்பவருக்கு உடன்பாடான பிரமாணங்களைக் கொண்டே பேசுகிறான். எதிரி ஒப்பிய கொள்கையை வைத்தே எதிரியை மடக்குவது நம் தருக்க நூலார் நன்கு அறிந்த உத்தி. திருவள்ளுவர் அவையறிதலுக்கென்றும் அவையஞ்சாமைக்கென்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜெர்மானிய விண்ணப்பங்களை இந்தக் கண்கொண்டு படித்தால், அவற்றில் வரும் ஒவ்வொரு கொள்கையும் அதைக் கேட்கப்போகும் அவையின் சாயலைப் பெற்றிருப்பது புலனாகும். வைத்தியர் அவை அவற்றுள் ஒன்று. காலத்தால் அது முதலாவதும் அன்று.

அப்படியானால் முதல் அவை எது? என் அபிப்பிராயத்தில் அது உல்ரிக்ஸின் சொந்தக் குடும்பம். ஆதாரம் மெலிந்த இடம் இது என்பதை அறிவேன். மெலிந்த இடமாதலால் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 1862-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் தம் உறவினருக்கு எழுதிய நான்கு கடிதங்களை, வைத்தியர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1899-இல் தாம் தொடங்கிய ஆண்டு மலரின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். முதற் பிரசுரத்துக்கு இரண்டு ஆண்டு முந்தியவை அவை. போதகர்கள் மலிந்த லூத்தரன் குடும்பம் அவருடையது. தாய்வழிப் பாட்டனார் திருச்சபையில் மேலதிகாரி. நாம் அச்சில் படிப்பது உல்ரிக்ஸின் பக்கத்தை மட்டுமே. ஆயினும், உறுதியாக மனம் வைத்துக் கடவுளின் துணையை நாடினால் இந்த விருப்பத்தை விட்டுவிடலாம் என்ற புத்திமதிக்கு விடையளிக்கும் குரல் அது என்பதை வாக்கியங்களின் போக்கே காட்டிக்கொடுக்கிறது. அப்புத்திமதிக்கு எதிரே நிற்கக்கூடிய வாதம் ஒன்றுதான் உண்டு: விருப்பம் நான் தேர்ந்துகொண்டதன்று, எனக்கு இடப்பட்டது, இட்டவன் யார் என்பது உங்களுக்கே தெரியும். பக்திமான்களான உறவினரிடம் வேறு எந்த நியாயமும் செல்லாது. சட்டத்தின் அநீதியைச் சொன்னால், பாவம் வேறு குற்றம் வேறு என்பார்கள். கிரேக்கரின் உதாரணம் காட்டினால், அவர்கள் அஞ்ஞானிகள் என்பார்கள்.

பிறவியிலேயே அமைந்தது என்னும் கொள்கை, ஃபூக்கோவும் அவரைப் பின்பற்றுவோரும் வைத்தியத்தின் முத்திரையாகக் கருதும் அக்கொள்கை, இந்த இல்லத்து வாக்குவாதத்தில்தான் உருக்கொண்டது என்பது என் துணிபு. 1864-இல் வெளிவந்த இரண்டாம் பிரசுரத்தில் உல்ரிக்ஸ் அதற்குக் கொடுத்த வடிவத்தைப் பாருங்கள்: ஆணின் உடலில் அடைபட்ட பெண் ஆன்மா என்று லத்தீனில் ஒரு சூத்திரம் செய்து, அடைபட்டது என்ற சொல்லையே பிரசுரத்துக்குத் தலைப்பாகவும் இட்டார். ஆன்மா உடலில் அடைபட்டிருப்பது சவப் பரிசோதனை செய்யும் வைத்தியரின் பாஷையா, போதகர் வீட்டுப் பாஷையா? அக்கடிதங்களில் அக்காலத்தில் பிரசித்தமாயிருந்த ஜீவ காந்தக் கொள்கையின் சாயலும் உண்டு என்பதை மறைக்கவில்லை. பிற்பாடு அவர் கருவின் வளர்ச்சியைப் பற்றிய இயற்கை நூற் செய்திகளைத் தேடித் தேடிச் சேர்த்ததும் உண்மையே. ஆனால் அவை பின்னர் வந்த துணைகள். ஆன்மாவை வைத்துத் தொடங்கிய வாதத்துக்குக் கருவியல் சாக்ஷியாக அழைக்கப்பட்டது. கருவியலிலிருந்து ஆன்மா பிறக்கவில்லை.

உல்ரிக்ஸின் பன்னிரண்டு பிரசுரங்களையும் உள்ளடக்கத்துக்காகவே எல்லோரும் படிக்கிறார்கள். முகப்புத் தாள்களை மட்டும் வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே ஒரு சரித்திரம் தெரிகிறது. பெரும்பாலானவற்றுக்கு லத்தீனிலோ கிரேக்கப் புராணத்திலோ ஒரு பெயர். அதன் கீழே, யாருக்காக என்பதைச் சொல்லும் துணைத் தலைப்பு. 1864-இன் முதற் பிரசுரம் சமூக, சட்ட ஆராய்ச்சி. இரண்டாவது மானிடவியல் ஆராய்ச்சி. அடுத்த ஆண்டில் வந்தவற்றுள் ஒன்று அறநெறித் தத்துவமும் சமூகத் தத்துவமும். 1868-இல் தம் சொந்தப் பெயரை இட்டு வெளியிட்ட முதற் பிரசுரம் ஜெர்மானிய நீதி வல்லுநர் மகாசபைக்கு விடுத்த அறைகூவல். 1869-இல் பெர்லினில் ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடிய குற்றத்துக்காக ஒருவர் கைதாகி, ஜனங்களின் கோபம் ஒருபாற் காதலர் அனைவர் மீதும் பாய்ந்த சமயத்தில் எழுதியவற்றுள் ஒன்று, பக்திமார்க்க லூத்தரன்கள், ரோமாபுரிக் கட்சியார், சுதந்தர சிந்தனையாளர் என்று மூன்று முகாம்களைத் தலைப்பிலேயே பெயர் சொல்லிப் பிரிக்கிறது. 1870-இல் வந்தது வட ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய இரு நாட்டுச் சட்டசபைகளுக்கும் நேராக எழுதிய வேண்டுகோள். ஒரே விஷயத்தைச் சம்பந்தி வீட்டுக்கு ஒரு விதமாகவும் வக்கீலுக்கு ஒரு விதமாகவும் எழுதுகிற காரியஸ்தரின் கை இம்முகப்புகளில் தெரிகிறது. வைத்தியர்களை மட்டும் விளித்த முகப்பு இவற்றில் ஒன்றும் இல்லை.

நீதி வல்லுநர்களின் அவையில் அவர் நேரில் நின்றது ஒரு முறை. 1867 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, தமது நாற்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு மறுநாள், மியூனிக் நகரத்து ஓடியோன் மண்டபத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சட்ட அறிஞர் முன்னிலையில் அவர் மேடையேறினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கிராட்ஸ் நகரப் பேராசிரியர் தேவெஸ் என்பவருடன் சேர்ந்து, பெண் மீது கொள்ளும் காதல் எந்த நிலைகளில் தண்டனைக்குரியதோ அந்த நிலைகளில் மட்டுமே ஆண் மீது கொள்ளும் பிறவிக் காதலும் தண்டனைக்குரியதாக வேண்டும் என்ற தீர்மானத்தை மகாசபைக்கு அனுப்பியிருந்தார்; சபைக்குத் தகாதது என்று அது ஒதுக்கப்பட்டிருந்தது. ஒதுக்கியதை ஆக்ஷேபித்துப் பேசத் தொடங்கியதும் கூச்சல் எழுந்தது. எஞ்சியதை லத்தீனில் சொல்லலாம் என்று தலைவர் யோசனை கூறினார். பிற்காலத்தில் இத்தாலியின் லாக்குவிலா நகரில் குடியேறி, முழுவதும் லத்தீனிலேயே ஒரு பத்திரிகை நடத்திய உல்ரிக்ஸுக்கு அது கஷ்டமான காரியமன்று. அவரோ காகிதங்களை மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அவையஞ்சாமைக்கு இதைவிடத் தக்க உதாரணம் கிடைப்பது அரிது; ஆனால் அவையறிதலுக்கு இது உதாரணம் ஆகுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அச்சந்தேகம் அப்போதே ஒருவருக்கு எழுந்தது. இக்கட்டுரையின் மையமாக நான் கருதும் ஆவணத்துக்கு இனி வருகிறேன். வியன்னாவில் 1824-இல் பிறந்து, பென்கெர்ட் என்ற குடும்பப் பெயரை 1847-இல் கெர்ட்பெனி என்று மாற்றிக்கொண்டு, பெட்டோஃபி முதலிய ஹங்கேரியக் கவிகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்துக் காலம் கழித்த கார்ல் மரியா கெர்ட்பெனி, 1868 மே 6-ஆம் தேதியிட்டு உல்ரிக்ஸுக்கு எழுதிய கடிதத்தின் நகல் வரைவு, புடாபெஸ்ட் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மான்ஃப்ரெட் ஹெர்ட்ஸர் அதை வெளிப்படுத்திய பிறகு, இன்று உலகமெங்கும் வழங்கும் ஹோமோசெக்ஸுவல், ஹெட்டரோசெக்ஸுவல் என்ற இரு சொற்களும் முதன்முதல் தோன்றும் இடம் அதுவே என்பதற்காக எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். சொற்கள் இருக்கட்டும், கடிதத்தின் வாதம் அவற்றைவிடக் கவனிக்கத்தக்கது.

பிறவிக் குணம் என்று நிரூபிப்பது இருபுறமும் கூரான ஆயுதம் என்கிறார் கெர்ட்பெனி. மானிடவியலாருக்கு அது எவ்வளவு சுவையான புதிராயினும், சட்டம் செய்கிறவனுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. விருப்பம் பிறவியிலேயே வந்ததா அல்லவா என்பதை அவன் கேட்பதில்லை; அதனால் பிறருக்கும் சமூகத்துக்கும் என்ன ஆபத்து என்பதையே கேட்கிறான். ஆகையால் பிறவிக் குணம் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்துவிட்டாலும் கையில் கிடைப்பது ஒன்றுமில்லை. எதிரிகள் எந்த நியாய தத்துவங்களை ஒப்புக்கொண்டிருக்கிறார்களோ அவற்றையே கொண்டு, இந்த விருப்பம் பிறவியாயினும் மனமறிந்து கொண்டதாயினும், அது அவர்கள் தலையிடும் எல்லைக்கு வெளியே நிற்பது என்பதை அவர்களுக்கே ஒப்புவிக்க வேண்டும். உடன்பட்ட இருவருக்கிடையே, மூன்றாமவரின் உரிமையும் பொது ஒழுங்கும் கெடாமல் நிகழ்வதில் ராஜ்யத்துக்கு வேலை இல்லை. கடிதத்தின் சாரம் இவ்வளவே.

அடுத்த ஆண்டில் பெயரிடாமல் லைப்சிக் நகரில் வெளியிட்ட இரண்டு பிரசுரங்களில் கெர்ட்பெனி இந்த யோசனையைத் தாமே நடத்திக் காட்டினார். உல்ரிக்ஸின் அவ்வாண்டுப் பிரசுரங்களை வெளியிட்ட ஸெர்பே பதிப்பகமே இவற்றையும் வெளியிட்டது. முதற் பிரசுரத்தின் முகப்பு, பிரஷ்யாவின் 1851-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்து 143-ஆம் பிரிவையும், வட ஜெர்மானியக் கூட்டரசின் சட்ட நகலில் அது 152-ஆம் பிரிவாக நிலைநிறுத்தப்படுவதையும் எண் பிசகாமல் குறித்து, மாட்சிமை தங்கிய நீதி மந்திரி லியோன்ஹார்ட் அவர்களுக்குத் துறைசார்ந்த முறையில் எழுதும் பகிரங்கக் கடிதம் என்று முடிகிறது. உல்ரிக்ஸின் முகப்புகளில் புராண தேவதைகள்; இங்கே பிரிவு எண்கள். உள்ளே ஆசிரியர் தம்மைச் சாதாரணப் பாலுணர்வு உடையவர் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். மிரட்டிப் பணம் பறிப்பவன் ஒருவனிடம் சிக்கி உயிரை மாய்த்துக்கொண்ட இளமைக்கால நண்பன் ஒருவனுடைய கதையே இவ்விஷயத்தில் தம்மை ஈடுபடுத்தியது என்கிறார். அவருடைய நாட்குறிப்புகளைப் படித்தவர்கள் அந்த அறிமுகத்தை ஐயுறுகிறார்கள். அது மெய்யோ பொய்யோ, மந்திரியின் அவைக்கு ஏற்ற வேஷம் அதுவே என்று அவர் கணக்கிட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை: வழக்கில் சொந்த ஆதாயம் இல்லாத நிபுணன், சட்டத்தின் நலத்துக்காகச் சட்டத்தைக் குறை கூறுகிறான்.

கடிதம் உல்ரிக்ஸின் கைக்குச் சேர்ந்ததா என்பது தீர்ந்த விஷயமன்று. இருப்பது வரைவு. 1868-க்குப் பின் வந்த பிரசுரங்களில் உல்ரிக்ஸ் கெர்ட்பெனியின் சொற்களைக் கையாளவும் இல்லை, பிறவிக் குண வாதத்தைக் கைவிடவும் இல்லை. கடிதத்தைப் பெற்று அதன் யோசனையை நிராகரித்தார் என்றும் சொல்லலாம், பெறவே இல்லை என்றும் சொல்லலாம். 1870-இல் சட்டசபைகளுக்கு எழுதிய வேண்டுகோளில் இயற்கையின் உரிமையும் மனிதனின் உரிமையும் முன்னிலும் பலமாகப் பின்னிக் கிடப்பதைக் கொண்டு முதற்கூற்றின் பக்கம் சாய்பவன் நான். அச்சாய்வை நிரூபணம் என்று யாரும் மயங்க வேண்டாம்.

இனி ஃபூக்கோவுக்குத் திரும்புவோம். ஹோமோசெக்ஸுவல் என்ற சொல் வைத்திய நூல்களில் எவ்வாறு புகுந்தது? கெர்ட்பெனியின் எழுத்தை, ஷ்டுட்கார்ட் விலங்கியல் அறிஞர் குஸ்தாவ் யேகர், 1880-இல் வெளியிட்ட தமது ஆன்மாவின் கண்டுபிடிப்பு என்ற நூலின் இரண்டாம் பதிப்பில் பயன்படுத்திக்கொண்டார். மனிதர் கம்பளி உள்ளாடைதான் உடுத்த வேண்டும் என்று உபதேசித்து உலகப் புகழ் பெற்றவர் இந்த யேகரே. அங்கிருந்து கிராஃப்ட்-எபிங் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அது வைத்தியச் சொல்லாயிற்று. மந்திரிக்கு எழுதிய விண்ணப்பம், விலங்கியல் நூல், வைத்திய நூல் என்பதே அது நடந்து வந்த வழி. பிற்கால ஆசிரியர் பலருக்கு இவ்வழி நம்ப முடியாததாய் இருந்திருக்க வேண்டும்; ஏனெனில் கெர்ட்பெனியை டாக்டர் பென்கெர்ட் என்ற ஹங்கேரிய வைத்தியராகவே அவர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். வைத்தியம் ஒரு நாளும் பயிலாத ஒரு கவிதை மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைச் செய்திருக்க முடியாது என்ற முன்முடிவு, இல்லாத பட்டம் ஒன்றை அவருக்கு வழங்கிவிட்டது. ஃபூக்கோ இத்தவற்றைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தவற்றை எளிதாக்கிய முன்முடிவுக்குத் தத்துவ கௌரவம் அளித்தவர் அவர் என்பதே என் ஆக்ஷேபம்.

இதைவிட முக்கியமான ஒரு நிகழ்ச்சியை அவருடைய சித்திரத்தில் எங்கே பொருத்துவது என்றே தெரியவில்லை. பிரஷ்ய சர்க்கார் சட்ட நகலைப் பற்றித் தன் உயர் வைத்திய ஆலோசனைக் குழுவின் அபிப்பிராயத்தைக் கேட்டது. விர்ஷோவும் லாங்கென்பெக்கும் அங்கத்தினராயிருந்த அக்குழு, 1869 மார்ச் 24-ஆம் தேதி அளித்த அறிக்கையில், மற்றத் தகாத செயல்களை விட்டுவிட்டு இச்செயலை மட்டும் தண்டிப்பதற்கு வைத்திய ரீதியான காரணம் எதுவும் தங்களுக்குத் தெரியவில்லை என்று கூறிவிட்டது. வைத்தியம் அதிகாரத்தின் கருவி என்னும் கொள்கைக்கு இது பெரிய இடையூறு: அதிகாரம் கருவியை நீட்டிற்று, கருவி வெட்ட மறுத்தது. அப்படியும் பிரிவு நீங்கவில்லை. நகலோடு வெளியிட்ட காரண விளக்கத்தில், வைத்திய நூற்படியும் தண்டனைத் தத்துவத்தின்படியும் பிரிவை நீக்கலாமாயினும், இச்செயல்களைத் தீய பழக்கம் என்று மட்டும் கருதாமல் குற்றம் என்றே கருதும் ஜனங்களின் நியாய உணர்ச்சியைப் புறக்கணிக்க முடியாது என்று சர்க்கார் எழுதிற்று. இவ்வாறு அப்பிரிவு 175 என்ற எண்ணோடு சட்டமாகி, 1872 முதல், 1813-லேயே இத்தகைய தண்டனையை ஒழித்திருந்த பவேரியாவையும் சேர்த்து ஜெர்மனி முழுவதையும் ஆண்டது.

இந்தப் பதிலின் விளைவு போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். நிபுணர்களின் அவையில் வழக்கு ஏறக்குறைய வெற்றி பெற்றுவிட்டது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்த அவைக்கு இல்லை என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. ஜனங்கள் என்ற, முகவரி தெரியாத ஒரு மகாசபையே இனி நீதிபதி. முப்பது ஆண்டு கழித்து ஹிர்ஷ்ஃபெல்ட் செய்த காரியங்கள் பலவும் இப்பதிலுக்குச் சொன்ன மறுபதில்களாகவே எனக்குத் தோன்றுகின்றன.

1897 மே 15-ஆம் தேதி ஷார்லொட்டன்பர்க்கில் அவருடைய இல்லத்தில், பதிப்பாளர் மாக்ஸ் ஷ்போர் முதலிய மூவரோடு சேர்ந்து தொடங்கிய விஞ்ஞான மனிதாபிமானக் குழு, 175-ஆம் பிரிவை மாற்றக்கோரி சட்டசபைக்கு ஒரு விண்ணப்பம் தயாரித்தது. அதன் நடை பழைய நடை: நிபுணர் சொல், பிற நாட்டுச் சட்டம், மிரட்டிப் பறிப்போரின் கொடுமை, கையெழுத்திட்ட பெரியோர் பெயர்கள். கிராஃப்ட்-எபிங், சட்டப் பேராசிரியர் லிஸ்ட், நாடகாசிரியர் வில்டென்பிருக் ஆகியோருடைய பெயர்களோடு சமதர்மக் கட்சித் தலைவர் ஆகஸ்ட் பேபலின் பெயரும் அதில் இருந்தது. 1898 ஜனவரி 13-ஆம் தேதி சட்டசபையில் பேசிய பேபல், பிறவியையும் ஆன்மாவையும் தொடவே இல்லை என்று சொல்லலாம். போலீசார் கடமையைச் சரிவரச் செய்தால் பெர்லின் நகரத்துக் குற்றவாளிகளுக்கு மட்டுமே புதுச் சிறைச்சாலைகள் கட்டவேண்டி வரும், எல்லா வகுப்பாரும் அதில் அகப்படுவர் என்றார். சட்டம் செய்பவர்களிடம், சட்டம் நடைமுறையில் செல்லாது என்ற வாதம். கெர்ட்பெனி உயிரோடிருந்தால் தலையசைத்திருப்பார்.

ஜனங்களுக்கென்றே எழுதியது 1901-இல் வந்தது. மூன்றாம் பாலைப் பற்றி ஜனங்கள் அறியவேண்டுவது என்ன என்ற பொருளில் தலைப்பிட்ட மலிவான சிறு பிரசுரம் அது. காரண விளக்கத்தில் சர்க்கார் சாக்ஷிக்கு அழைத்த அதே ஜனங்களை அது நேராக விளித்தது. இங்கே சட்டப் பிரிவுகளின் சர்ச்சை பின்னுக்குப் போய், உங்கள் மகனாக இருக்கலாம், அண்டை வீட்டானாக இருக்கலாம் என்ற குரல் முன்னுக்கு வருகிறது. உல்ரிக்ஸ் தம் உறவினரிடம் பேசிய பிறவி வாதமும் புதிய உடை உடுத்து மீள்கிறது. சட்டம் செய்பவருக்குப் பயன்படாது என்று கெர்ட்பெனி ஒதுக்கிய வாதம் தாய் தந்தையருக்கு வேண்டியதாயிற்று என்பதில் வியப்பொன்றும் இல்லை. லண்டனில் தோன்றிய பாலுணர்வு உளவியல் ஆராய்ச்சிச் சங்கம், தன் முதற் பிரசுரங்களுள் ஒன்றாக இதையே ஆங்கிலத்தில் தழுவி வெளியிட்டது. 1904-இன் ஆண்டு மலரில் திருச்சபையையும் வேதத்தையும் எதிர்கொண்டு காஸ்பர் விர்ட்ஸ் எழுதிய நீண்ட கட்டுரை, இன்னோர் அவையையும் குழு மறந்துவிடவில்லை என்பதைக் காட்டும்.

அவைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பதுதான் இம்முறைக்கு நேர்ந்த சங்கடம். 1903–04-இல் ஹிர்ஷ்ஃபெல்ட் இரண்டு கூட்டத்தாருக்குப் பாலுணர்வைப் பற்றி ஒரே விதமான கேள்வித் தாளை அனுப்பினார்: ஷார்லொட்டன்பர்க் தொழிற்கல்லூரி மாணவர் ஏறக்குறைய 3000 பேர் ஒருபுறம், பெர்லினின் உலோகத் தொழிலாளர் 5000 பேருக்கு மேல் மறுபுறம். கௌரவத்துக்கு இழுக்கு என்று வழக்குத் தொடுத்தவர்கள் படித்த வகுப்பாரான மாணவர்களுள் சிலரே. ஹிர்ஷ்ஃபெல்டுக்கு 200 மார்க் அபராதம் விழுந்தது. உள்வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. 1896 முதல் தனிப் பத்திரிகை நடத்திய அடோல்ஃப் பிராண்டும், 1904-இல் கிரேக்கக் காதலின் மறுமலர்ச்சியைப் பற்றிப் பெருநூல் எழுதிய பெனடிக்ட் ஃபிரீட்லேண்டரும், மூன்றாம் பால் என்ற வருணனை ஊராரின் இரக்கத்தைச் சம்பாதிப்பதற்காகத் தங்கள் ஆண்மையை அடகு வைப்பது என்று சீறினார்கள். ஃபிரீட்லேண்டர் தம்மைச் சேர்ந்தவர்களோடு குழுவிலிருந்து பிரிந்தும் போனார். பாமரருக்கு ஏற்ற வாதம், யாருக்காக வாதிடப்பட்டதோ அவர்களுள் ஒரு பகுதியாருக்கே அவமானமாகப் பட்டது. அவர்களுடைய மாற்று வாதமோ பெண்களை இழிவாகப் பேசும் இடங்கள் மிகுந்தது. அதனால் அது எந்த அவையை வசப்படுத்தியிருக்கக் கூடும் என்பதை நான் அறியேன்.

1907 அக்டோபரில் பத்திரிகாசிரியர் ஹார்டன் மீது சேனைத் தலைவர் குனோ ஃபான் மோல்ட்கே தொடுத்த மானநஷ்ட வழக்கில், ஹிர்ஷ்ஃபெல்ட் நிபுண சாக்ஷியாக நின்று, மோல்ட்கேயின் இயல்பு ஒருபாற் காதலைச் சார்ந்தது, செயல் ஏதும் இருந்ததாகத் தாம் கூறவில்லை என்றார். இயல்பு வேறு செயல் வேறு என்ற அந்த நுட்பம், உல்ரிக்ஸின் காலம் முதல் நீதி வல்லுநருக்கென்று செதுக்கப்பட்டது. பத்திரிகை படிக்கும் ஜனங்கள் அதைக் கேட்டபோது, தங்கள் ராணுவத்தின் மானத்தை ஒரு வைத்தியர் சபையில் பறித்துவிட்டார் என்றே கொண்டார்கள். மறு விசாரணையில் அவர் தம் சாக்ஷியத்தைத் தளர்த்த நேர்ந்தது. குழுவுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடையும் வற்றியது.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1929 அக்டோபர் 16-ஆம் தேதி, குடியரசுச் சட்டசபையின் தண்டனைச் சட்டக் குழு 15-க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் 175-ஆம் பிரிவை நீக்கத் தீர்மானித்தது. அத்தீர்மானம் சபைக்கு வந்து சட்டமாகவில்லை. அதே குழு, ஆண் விபசாரம் முதலியவற்றுக்குக் கடுமையான புதுப் பிரிவு ஒன்றையும் உடன் ஏற்றதால், வெற்றியா தோல்வியா என்று இயக்கத்தாரே பிளவுபட்டனர். இங்கு நமக்கு வேண்டியது ஒரு வாக்கு மட்டும். குழுவின் தலைவர் பேராசிரியர் வில்ஹெல்ம் கால், மிதவாத வலதுசாரிக் கட்சியினர், முதிய சட்ட அறிஞர், ஒருபாற் காதலிடம் யாதோர் அனுதாபமும் இல்லாதவர், நீக்குவதற்குச் சார்பாக வாக்களித்தார். தண்டிப்பதனால் குறைவதில்லை, தண்டனை இருப்பதே இயக்கத்தாரின் பிரசாரத்துக்கு இடம் கொடுக்கிறது என்பது அவருடைய நியாயத்தின் போக்கு. எதிரிகளின் நியாய தத்துவத்தைக் கொண்டே அவர்களை ஒப்புவிக்க வேண்டும் என்ற 1868-ஆம் ஆண்டு வரைவுக் கடிதத்தை அவர் கண்டிருக்க இடமில்லை. கெர்ட்பெனியின் முதற் பிரசுரத்தை ஹிர்ஷ்ஃபெல்ட் 1905-ஆம் ஆண்டு மலரில் மறுபதிப்புச் செய்திருந்தமையால், அது சட்ட அறிஞர் சிலர் வழியாக அவர் காதுக்கு எட்டியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. தண்டனை நூலில் தேர்ந்த ஒருவர் தாமாகவே அங்கு வந்து சேர்ந்திருக்கலாம் என்பதும் அதே அளவுக்குப் பொருந்தும். பின்னதையே நான் நம்ப விரும்புகிறேன். ஆனால் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளை இக்கண்கொண்டு ஒருவர் வரிவரியாகப் படித்த பிறகே அதைப் பற்றித் துணிந்து பேசுதல் தகும்.